பாத்திரம் கழுவும் திரவத்தில் கார் கழுவலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘எந்த வேக்ஸ் நல்லது?’ என்று ஒற்றை வரியில் கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டியில் என்ன பெயிண்ட், வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று தெரியாமல் பாட்டில் பெயரைச் சொன்னால், அது கடைக்காரர் சொல்லும் பதிலாகத்தான் இருக்கும். இந்த விவரங்களோடு வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளை ஸ்விஃப்ட். வாரம் ஒருமுறை வீட்டு போர் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றிக் கழுவுகிறேன். பானெட்டிலும் கண்ணாடியிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். எந்த வேக்ஸ் போட்டால் போகும்? (திருப்பூர்)

பதில்: எந்த வேக்ஸ் போட்டாலும் போகாது. புள்ளியின் மேல் வேக்ஸ் பூசினால் அதைப் பத்திரமாக மூடி வைத்ததாகத்தான் ஆகும்.

அவை போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். புதிய புள்ளி என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், பெயிண்ட் சூடு ஆறியபின், துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். பானெட் முழுவதும் ஒரே நேரத்தில் செய்யாமல் ஒரு முழம் இடமாகச் செய்யுங்கள். அதன் பிறகும் வட்டம் தெரிந்தால், உப்பு மேல் பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதற்கு பாலிஷ்தான் போட வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். ஒருமுறை கழுவினால் பெயிண்ட் உரிந்துவிடாது. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே செய்தது; நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வேக்ஸும் அதற்குப் பிசுக்குதான். கார் ஷாம்புவில் இன்னொரு வசதி உண்டு. அது வழுவழுப்பாக இருப்பதால் மண் துகள் பெயிண்ட்டில் உரசாமல் வழுக்கிக்கொண்டு வரும். ‘பி.எச். நியூட்ரல்’ (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று எழுதியிருக்கும் எந்த ஷாம்புவும் போதும். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பதும் இல்லை.

ஷாம்புவை விட முக்கியம் கடைசியாக ஊற்றும் தண்ணீர். வெயில் ஏறுவதற்கு முன் கழுவி, காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ கிடைத்தால் மிக நல்லது. இரண்டிலும் உப்பு அநேகமாக இருக்காது. ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு போர் தண்ணீரை விட அதிகம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறுப்பு எஸ்.யூ.வி. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கோடுகள். தினமும் துடைக்க ஆள் வைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். பிறகு ஏன்? (ஓசூர்)

பதில்: தினமும் துடைப்பதால்தான். விடிகாலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகப் பத்து வண்டி துடைத்து வருகிறவர் உங்கள் வண்டிக்கு வரும்போது, அந்தத் துணியில் ஒன்பது வண்டி மண் இருக்கும். அவர் மேல் குற்றம் இல்லை. நாம் கொடுக்கும் காசுக்கு வேறு எப்படித் துடைப்பார்? துணி பனியன் வேஸ்ட்டாக இருந்தால் இன்னும் மோசம். அதில் தையல் நூலும் எலாஸ்டிக்கும் சேர்ந்து வரும். என்ஜினைத் துடைக்க நல்ல சரக்கு, பெயிண்ட்டுக்கு ஆகாது.

நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சு பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடியை விட மெல்லியது. கோடுகள் எல்லாம் அதில்தான் விழுகின்றன. எல்லா நிறத்திலும் விழும். கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளையும் வெள்ளியும் மறைத்துவிடும்.

கடையில் மூன்று வகை டப்பா இருக்கும். மூன்றையும் பலர் ‘பாலிஷ்’ என்றே கேட்கிறார்கள், கடைக்காரரும் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்கிறார். ரப்பிங் காம்பவுண்ட் என்பது மேல் பூச்சைத் தேய்த்து எடுப்பது. ஆழமான கீறலுக்கு மட்டும். பாலிஷ் அதே வேலையை மென்மையாகச் செய்யும்; சிலந்தி வலைக்கு இதுதான் மருந்து. வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு படலமாக உட்காரும். காம்பவுண்டும் பாலிஷும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரப்பிங் போடச் சொல்லும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு நல்ல ஆளிடம் ஒருமுறை மெஷின் பாலிஷ், அதன் மேல் வேக்ஸ். கறுப்புக்கு கார்னோபா வேக்ஸ் தரும் ஆழமான மினுமினுப்பை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் சுரக்கும் மெழுகு அது; இயற்கை மெழுகுகளிலேயே கடினமானது, 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனாலும் வெட்டவெளியில் நிற்கும் வண்டியில் ஓரிரு மாதங்களுக்கு மேல் தாங்காது. மாதாமாதம் பூசப் பொறுமை இல்லை என்றால் சிந்தெடிக் சீலன்ட் (வேக்ஸ் மாதிரியே பூசும் செயற்கைப் பூச்சு) வாங்குங்கள். அழகு ஒரு மாற்று குறைவு, ஆனால் அதிக நாள் தாங்கும். தினசரித் துடைப்பை மட்டும் இன்றே நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் காரைத் தேய்க்கும் கையுறையை அலச வெறும் தண்ணீர் என்று கழுவினால் போதும்.

கேள்வி: செல்டோஸ் எக்ஸ்-லைன், மேட் நிறம். வேக்ஸ் போட்டால் இன்னும் அழகாக இருக்குமா? (மதுரை)

பதில்: சாதாரண வேக்ஸ் போட்டால் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பளபளக்கும். மேட் பெயிண்ட்டின் மேல் பூச்சு நுண்ணிய மேடு பள்ளங்களோடு இருப்பதால்தான் ஒளி சிதறி மங்கலாகத் தெரிகிறது. வேக்ஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பும். பாலிஷ் மேட்டைச் சீவிவிடும். வேக்ஸைக் கஷ்டப்பட்டாவது எடுத்துவிடலாம், பாலிஷ் போட்ட இடத்தைத் திரும்ப மேட் ஆக்கவே முடியாது, அந்தப் பாகத்துக்கே மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். மேட் வண்டிக்கென்றே வரும் ஷாம்புவும் ஸ்ப்ரே சீலன்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்டர் வாஷுக்கு விடும்போது ‘வேக்ஸ், பாலிஷ் எதுவும் வேண்டாம்’ என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், கூடவே நில்லுங்கள். பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். கறை பதிந்தால் தேய்த்துப் போக்கும் வசதி உங்களுக்கு இல்லை.

கேள்வி: புது கார் எடுக்கிறேன். ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங், 9எச் செராமிக் கோட்டிங் இரண்டில் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். (சென்னை)

பதில்: போட்டே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை.

டெஃப்லான் தவாவில் ஒட்டுவது 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதிப்பதால். உங்கள் பானெட்டை யாரும் அப்படிச் சுடப்போவதில்லை. அந்தக் கோட்டிங்கில் கிடைக்கும் பளபளப்பு அதில் கலந்திருக்கும் மெழுகும் மற்றப் பொருள்களும் தருவது. அதை நீங்களே ஒரு நல்ல சீலன்ட் டப்பாவில் பெறலாம்.

செராமிக் உண்மையான சரக்கு. சிலிக்கா அடிப்படையிலான திரவம் பெயிண்ட்டின் மேல் ஒட்டி இறுகும், நன்றாகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், அழுக்கு எளிதில் விடும். ஆனால் 9எச் என்றால் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கீறினால் விழும், லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல் பட்டால் பெயரும். கல்லுக்குப் பயம் என்றால் பி.பி.எஃப். என்ற ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலம்தான் வழி, விலை எங்கேயோ போகும். அப்புறம், செராமிக் போட்ட வண்டியிலும் உப்புத் தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழும்.

கூரையுள்ள நிறுத்தமா? சீலன்ட் போதும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியா? நான் செராமிக் போடுவேன், ஆனால் பெயிண்ட்டைச் சரிசெய்துவிட்டுப் பூசும் தனிக் கடையில். கோடு விழுந்த பெயிண்ட்டின் மேல் பூசினால் கோடும் சேர்ந்து நிலைத்துவிடும்.

கேள்வி: கடலோர உப்புக் காற்று. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் ஸ்ப்ரே செய்கிறார்கள். நல்லதா? (தூத்துக்குடி)

பதில்: வேண்டாம். கறுப்பாகப் பளபளவென்று பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். நாலு நாளில் அந்த ஈரத்தில் தூசி படிந்து அப்பிக்கொள்ளும். புஷ், பூட் போன்ற ரப்பர் பாகங்கள் டீசலில் ஊறி உப்பிப் பலவீனமாகும். பிரேக் டிஸ்க்கில் கொஞ்சம் தெறித்தால் அது வேறு ஆபத்து.

துருவுக்குத் தேவை ஈரமும் காற்றும்; உப்பு அதை வேகப்படுத்தும். உப்பை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாதம் இருமுறையாவது அடிப்பாகத்தையும் மட்கார்டு உள்புறத்தையும் நல்ல தண்ணீரில், பிரஷரில் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கதவுகளின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். அதில் மண் அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று உள்ளிருந்து துரு கிளம்பும்; குச்சியால் குத்தி விடுங்கள். கதவு, சேஸிஸின் உள்வெற்றிடங்களுக்கென்று கேவிட்டி வேக்ஸ் என்று ஸ்ப்ரே கிடைக்கிறது. உங்கள் ஊருக்கு பானெட்டில் போடும் விலை உயர்ந்த வேக்ஸை விட இதற்குத்தான் நான் முதலில் காசு செலவழிப்பேன்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் வெள்ளை காரில் கறையாகிவிட்டது. (ஈரோடு)

பதில்: மஞ்சள் கறை மட்டும் என்றால் கவலை வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் அப்படிப் போகாது. ஷாம்பு போட்டுக் கழுவிய பின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து துணியில் எடுத்து மெதுவாகத் துடையுங்கள், மிச்சத்துக்கு மென்மையான பாலிஷ். காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் வறண்ட துணியால் மட்டும் தேய்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தானே இறங்கும். பூஜைக்கு இரண்டு நாள் முன்பே வேக்ஸ் போட்டுவிட்டால் கறை பெயிண்ட் வரை போகாது. அடுத்த வருடம் பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசிடர். பெயிண்ட் வெளுத்து, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. என்ன வாங்கலாம்? (காரைக்குடி)

பதில்: முதலில் ஒரு சோதனை. மறைவான இடத்தில் கொஞ்சம் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள் (வண்டி வெள்ளை என்றால் கறுப்புத் துணி). வண்டியின் நிறம் துணிக்கு வந்தால் அது கிளியர் கோட் இல்லாத பழைய பாணி பெயிண்ட். வரவில்லை என்றால் இடையில் யாரோ புது முறையில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அப்போது சாதாரணக் கார் மாதிரியே நடத்தலாம்.

மாவு வருகிறது என்பதால் உங்களுடையது பழைய பாணியாகத்தான் இருக்கும். வெயிலில் செத்த மேல்தோல்தான் அந்த மாவு. அடியில் இன்னும் நல்ல நிறம் இருக்கும். மெஷினும் வேண்டாம், காம்பவுண்டும் வேண்டாம். மென்மையான பாலிஷைக் கையால், பொறுமையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதவு என்று போடுங்கள். மட்கார்டு வளைவுகளிலும் பானெட் விளிம்பிலும் பெயிண்ட் மெலிந்திருக்கும். அங்கே தேய்த்தால் பிரைமர் என்ற அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். இதற்கு மேல் பேஸ்ட் வடிவ கார்னோபா போடுங்கள், செராமிக் எல்லாம் இதற்கு வீண் செலவு. குரோம் பம்பருக்கு குரோம் பாலிஷ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு, லாரித் தண்ணீர். ஓஸ் பிடித்துக் கழுவ அனுமதி இல்லை. (பெரும்பாக்கம்)

பதில்: ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்று அடர்திரவம் கிடைக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவைப் பத்து லிட்டர் வாளியில் கலந்தால் ஒரு கார் முடிந்துவிடும், அலச வேண்டியதே இல்லை. அதிலுள்ள பாலிமர் மண்ணைச் சூழ்ந்துகொண்டு வழுக்க விடுகிறது. முதலில் அதே கலவையைக் கை ஸ்ப்ரேயரில் அடித்து ஊறவிடுங்கள். மடித்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடையுங்கள், ஒரு பக்கம் அழுக்கானால் மடிப்பை மாற்றுங்கள், அழுக்கான துணியைத் திரும்ப வாளிக்குள் முக்காதீர்கள். ஏழெட்டுத் துணி வேண்டும். மழையில் போய் மட்கார்டு முழுக்கச் சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் இது ஆகாது. அன்றைக்கு ஒரு வாட்டர் வாஷுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மஞ்சளித்த ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட் போடலாமா? (சேலம்)

பதில்: போடலாம், தெளியும், சில வாரத்தில் திரும்ப மஞ்சளிக்கும். ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேலிருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சு போனதால்தான் மஞ்சளித்தது. டூத்பேஸ்ட் மஞ்சளைத் தேய்த்து எடுக்குமே தவிர, அந்தப் பூச்சைத் திரும்பத் தராது. 1000, 2000, 3000 என்று நம்பர் ஏற ஏற மென்மையாகும் எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாத் தடுப்புப் பூச்சும் அடிக்கும் கிட் வாங்குங்கள்.

கேள்வி: புல்லட்டுக்கு டயர் பாலிஷ், சீட் பாலிஷ் எது நல்லது? (நாகர்கோவில்)

பதில்: இரண்டுமே வேண்டாம். காரில் டயரின் பக்கவாட்டில் போட்டால் அழகோடு நிற்கும். பைக் வளைவில் சாயும்போது அந்தப் பக்கவாட்டுக்கு அருகில்தான் ரோட்டைப் பிடிக்கிறது, அங்கே சிலிக்கான் எண்ணெய் இருந்தால் நீங்கள் கீழே. சீட்டிலும் அதே வழுக்கல்தான். டேங்க்குக்கு வேக்ஸ் போடுங்கள், பிரேக் டிஸ்க் பக்கம் எந்த ஸ்ப்ரேயும் போகக் கூடாது.

கேள்வி: பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் (களிமண் போன்ற கட்டி) தேய்க்கும்போது கீழே விழுந்துவிட்டது. கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா? (திருச்சி)

பதில்: தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய மண் கழுவினால் வராது. அடுத்த முறை வாங்கியதும் நான்காக வெட்டி வைத்துக்கொண்டால், விழுந்தாலும் கால் பங்குதான் நஷ்டம்.