பால் கவரைக் கழுவிக் காயப்போடுறது கிறுக்குத்தனமா அக்கா?

வாசகர் கேள்வி, செங்கோட்டை அக்கா பதில்

எங்க மதினி வீடு கேரளா பக்கம் ஆரியங்காவுல. பால் கவரு, பிஸ்கட் கவரு எல்லாத்தையும் கழுவி துணி மாதிரி கொடியில காயப்போடுறாங்க. குப்பையில போடுறதுக்கு எதுக்கு இந்தப் பாடுன்னு தோணுது. நாமளும் செய்யணுமா?
– வாசகி, புளியரை

செய்யணும்மா. கேரளாவுல புனலூர்ல மகளைக் கட்டிக் கொடுத்த புதுசுல நானும் அந்தக் கொடியப் பாத்துட்டு இதென்னடி கூத்துன்னுதான் கேட்டேன். அங்க ஹரித கர்ம சேனான்னு பச்சைக் கோட்டு போட்டு பொம்பளைங்க மாசம் ஒரு தடவ வருவாங்க, குடும்பஸ்ரீங்கிற மகளிர் குழுவுல உள்ளவங்கதான், வீட்டு முன்னாடி ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிட்டு பஞ்சாயத்துல 50 ரூவா வாங்கிப்பாங்க, கழுவிக் காஞ்ச பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பாங்க. 2023ல பரப்பனங்காடியில இதே வேலை பாக்குற 11 பேரு சேந்து காசு போட்டு வாங்கின லாட்டரிச் சீட்டுக்கு 10 கோடி விழுந்துது, அந்த போட்டோவப் பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

கழுவுறதுக்குக் காரணம் இருக்கு. பால் கவரு நல்ல பாலிதீன், பழைய கடையில எடை போட்டு எடுப்பாங்க, ஆனா உள்ள ரெண்டு சொட்டு பால் தங்கிட்டா ரெண்டே நாள்ல புளிச்சு நாறி மூட்டையே வீணாப் போகும், அதை எந்த மனுசன் கைய விட்டுப் பிரிப்பான் சொல்லுங்க. சிப்ஸ் கவரு, ஷாம்பு பாக்கெட்டுல ரெண்டு மூணு லேயர் ஒட்டியிருக்கும், அதை எடைக்கு யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா ரோட்டுக்கு ஆகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்னு ஒருத்தர், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவரு, பிளாஸ்டிக்கைப் பொடிசா நறுக்கி சூடான ஜல்லி மேல தூவி, அது உருகி ஒட்டினப்புறம் தார் ஊத்துற முறையக் கண்டுபிடிச்சாரு. அழுக்கும் ஈரமுமா இருந்தா அது கல்லுல எப்படி ஒட்டும்?

இன்னொண்ணு, பால் கவரு மூலைய முழுசா வெட்டி எடுக்காதீங்க, அந்தத் துண்டு எங்க போச்சுன்னே தெரியாது, சாக்கடைக்கும் மாட்டு வயித்துக்கும்தான் போகும். வெட்டுற இடம் கவரோட ஒட்டியே இருக்கட்டும்.

2024 டிசம்பர்ல கேரளா ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டாந்து நம்ம திருநெல்வேலிப் பக்கம் கொட்டினாங்களே, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி லாரி லாரியாத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்களே, அப்ப நமக்கெல்லாம் வந்த கோவம் நியாயமான கோவம். ஆனா நம்ம வீட்டுல எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கட்டிப் போடுற மூட்டையும் யாரோ ஒருத்தர் கிணத்துப் பக்கமாத்தான் போய் விழுது. தூய்மைக் காவலர் கையில தனித்தனியாக் கொடுங்க.

வாளியில கம்போஸ்ட் போட்டேன், ஒரே நாத்தம், புழு வேற. வீட்டுக்காரர் தூக்கி வெளிய வெச்சுட்டாரு. எனக்கு இது சரிப்படாதா?
– வாசகி, தென்காசி

சரிப்படும், காய்கறித் தோலை மட்டும் போட்டிருப்பீங்க, அதான். தோலு, சோறு எல்லாம் ஈரம், அது மேல காஞ்சது ஒண்ணும் விழலேன்னா காத்து போகாம அழுகும், காத்து போனாத்தான் மக்கும், மக்கினா மண்ணு வாசம் வரும். ஒரு கை தோல் போட்டா ரெண்டு கை சருகு, இல்லேன்னா தேங்கா மஞ்சிய உதுத்துப் போடுங்க. வாளிக்கு அடியிலயும் சுத்தியும் ஓட்டை போட்டு ஒரு செங்கல்லு மேல வெச்சிருங்க. முதல்ல கொஞ்சம் சாணியோ புளிச்ச மோரோ தெளிச்சா சீக்கிரம் பிடிக்கும். வாரம் ரெண்டு தடவ குச்சிய விட்டுக் கிளறணும். கையில எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, சொட்டினா இன்னும் சருகு போடுங்க.

புழு பாத்து பயப்படாதீங்க, அது திங்கிறதாலதான் குப்பை சீக்கிரம் குறையுது. மீன் கழுவுன தண்ணி, எலும்பு, எண்ணெய்ச் சட்டி வழிச்சது இதெல்லாம் வாளியில வேண்டாம். பலாப்பழ சீசன்ல கேரளா பக்கத்துல இருந்து ஆளாளுக்குக் கொண்டாந்து கொடுப்பாங்க, அந்தச் சக்கைத் தோலைப் பொடிசா வெட்டாம போட்டா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும், மாடு வெச்சிருக்கிறவங்க வீட்டுக்குக் கொடுத்துடுங்க.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துறதுக்குக் காரணம், 2023 மார்ச்சுல கொச்சி பிரம்மபுரத்துல குப்பை மலை பத்து நாளுக்கு மேல எரிஞ்சு ஊரே புகைக்குள்ள கெடந்துச்சே, ஈரக் குப்பை உள்ள அழுகிச் சூடாகும், எரியுற கேஸும் வரும், கூடவே பிளாஸ்டிக்கும் கெடந்தா தீயை அணைக்கிறது பெரும்பாடு. வீட்டு வாளியில மக்குற தோல் அந்த மலைக்குப் போகாதுல்ல.

வெந்நீர் அடுப்புல கேரிபேக்கைப் போட்டு எரிச்சுடுறேன். குப்பையும் தீருது, தண்ணியும் சுடுது. தப்பா?
– வாசகர், கடையநல்லூர்

தப்புதான் தம்பி, இன்னைக்கே நிறுத்துங்க. அதுல பிவிசி, அதான் பைப்பு செய்யுற பிளாஸ்டிக், கலந்திருந்தா டையாக்சின்னு ஒரு விஷம் வரும், புல்லுல படியும், மாடு மேஞ்சா பாலுக்கு வரும், நம்ம உடம்புக் கொழுப்புல வருசக்கணக்கா தங்கும். அடுப்பு பக்கத்துல உக்காந்து ஊதுறது உங்க அம்மாவோ வீட்டுக்காரியோதானே. 2019 ஜனவரி 1லயே நம்ம பக்கம் கேரிபேக்கைத் தடை பண்ணியாச்சு, கேரளாவுல 2020 ஜனவரி 1ல. வண்டியில ஒரு மஞ்சப்பைய மடிச்சு வெச்சுக்கிட்டா எரிக்கிறதுக்கு கேரிபேக்கே இருக்காது.

கரண்ட் பில் எகிறுது. புது ஃபேன் மாத்துனா நிஜமாவே குறையுமா?
– வாசகர், செங்கோட்டை

பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்கிற புது ஃபேன் 30 வாட் பக்கம். நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். ஆனா நல்லா ஓடுற எல்லாத்தையும் கழட்டிப் போடாதீங்க, ராத்திரி முழுக்க ஓடுற ரூம்ல மட்டும் முதல்ல மாத்துங்க. சாரல் சீசன்ல நம்மூர்ல ஜன்னலைத் தொறந்து வெச்சாலே போதும்.

கொல்லத்துல ஹாஸ்டல்ல இருக்கேன். நாப்கின் எங்க போடுறதுன்னே தெரியல. அதுக்குப் பதிலா உள்ள வெச்சுக்கிற மாதவிடாய் கப் யூஸ் பண்ணலாமா? பேர் போடாதீங்க.
– கல்லூரி மாணவி

தாராளமா. எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கியில 2022ல ஊருக்கே கப் கொடுத்து நாப்கின் இல்லாத பஞ்சாயத்துன்னு அறிவிச்சாங்க. நல்ல சிலிகான் கப் ஒண்ணு பல வருசம் வரும். முதல் ரெண்டு மாசம் கொஞ்சம் தடுமாறும், அதனால லீவுல வீட்டுல இருக்கும்போது பழகிக்கோ, 12 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்காத, எரிச்சலோ காய்ச்சலோ வந்தா உடனே எடுத்துட்டு டாக்டரைப் பாரு. மனசு ஒப்பலேன்னா துணி நாப்கின் இருக்கு, ஆனா அதை வெயில்ல காயப்போடணும், ஹாஸ்டல்ல மறைச்சு இருட்டுல காயப்போட்டா தொற்று வரும். கப்பை ஒவ்வொரு மாசமும் கொதிக்க வைக்கணும், அதுக்குன்னு ஒரு சின்னப் பாத்திரம் தனியா வாங்கிக்கோம்மா.