மருமகனுக்கு எந்தத் தோட்டா?

அன்புள்ள ஐயா,

வண்டிப்பெரியாரில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். மருமகன் கனடாவில், ஆல்பர்ட்டாவில் இருக்கிறார். லைசென்ஸ் எடுத்துவிட்டார், முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகப் போகிறார். கூட வேலை பார்ப்பவர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும் ரைபிளை வாங்கு என்கிறார்களாம், கடைக்காரர் .30-06 தோட்டா போடுவதே போதும் என்கிறாராம். பழைய எஸ்டேட் வேட்டைக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள், அதனால் கேட்கிறேன். ஊருக்கு வரும்போது ரைபிளைக் கொண்டுவந்தால் இங்கே பன்றிக்கு உதவுமா?

கே., வண்டிப்பெரியார்

அன்புள்ள கே.,

கடைக்காரர் பேச்சைக் கேட்கச் சொல்லுங்கள். விலை குறைந்ததை எடுத்துக் காட்டுகிற கடைக்காரர் லேசில் அகப்பட மாட்டார்.

இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஒன்றுதான். 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு .30-06-ல் நொடிக்குச் சுமார் 2700 அடி வேகத்தில் கிளம்பும். 1963-ல் வந்த .300 மேக்னத்தில் 2960 அடி. இந்தப் பத்து சதவீத வேகத்துக்குக் கிட்டத்தட்ட கால்பங்கு வெடிமருந்து கூடுதலாக எரிய வேண்டும். சரி, லாபம் என்ன? இரண்டு ரைபிளுக்கும் 200 கஜத்தில் குண்டு சரியாகக் குறியில் படும்படி பொருத்தினால், 300 கஜத்தில் இரண்டு குண்டும் இறங்குவதில் உள்ள வித்தியாசம் 2 அங்குலத்துக்குள்தான். மானின் நெஞ்சில் குறி வைக்கிற இடமே எட்டு, பத்து அங்குலம் இருக்கும். முதல் வருஷக்காரர் 300 கஜத்தில் சுடவே கூடாது என்பது என் கட்சி.

நஷ்டம் தோளில் தெரியும். ஒரே எடையுள்ள ரைபிளில் மேக்னத்தின் உதை சுமார் முப்பது சதவீதம் கூடுதல். வலியாவது பரவாயில்லை, ஆறிவிடும். உதைக்கு உடம்பு பயந்து பழகிவிடுவதுதான் ஆபத்து. ட்ரிகர் நகருவதற்கு முன்னாலேயே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். சுடுகிறவருக்கே இது தெரியாது, வெடிச் சத்தத்தில் மறைந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடும் களத்தில் ஒரு நண்பர், மருமகனுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாவையும் வெடிக்காத டம்மித் தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தரட்டும். டம்மி வரும்போது வெறும் 'டிக்' சத்தம்தான் கேட்கும். அப்போது குழல் முனை கீழே குத்தினால் விஷயம் வெளிச்சம். சூரர் என்று பெயர் எடுத்தவர்களும் இதில் மாட்டுவார்கள். மாட்டிக்கொண்டால் சின்ன .22 ரைபிளில் கொஞ்ச நாள் பழகிவிட்டு வருவதுதான் மருந்து.

அப்புறம் இறைச்சி. கிட்டத்தில் நிற்கிற மானின் தோளில் அவ்வளவு வேகமான குண்டு பட்டால் முன்சப்பை முழுக்க ரத்தம் கட்டி, வெட்டி எறிய வேண்டியதாகிவிடும். குழலும் சீக்கிரம் தேயும், தோட்டாவும் விலை கூடுதல்.

மேக்னமே வீண் என்று சொல்லவில்லை. திறந்த மலைச்சரிவில் 400 கஜத்துக்கு அப்பால் எல்க் என்கிற பெரிய மானைச் சுடுகிறவருக்கு, அந்தத் தூரத்தில் சுட்டுச் சுட்டுப் பழகியவருக்கு, அது சரியான கருவி. மருமகன் அங்கே போய்ச் சேரச் சில வருஷமாகும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926-ல் சாய்த்தது .275 ரிக்பி ரைபிளில்; .30-06-ஐவிட மென்மையான தோட்டா அது. கூடுதலாகச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் குறி பார்க்கும் நல்ல தொலைநோக்கியிலும் (ஸ்கோப்) பயிற்சித் தோட்டாவிலும் போடட்டும்.

இங்கே கொண்டுவருகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2022 முதல் கேரளத்தில் விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இருக்கிறது. ஆனால் சுடுவது இங்கே துப்பாக்கி லைசென்ஸ் உள்ள, அவர்கள் பட்டியலில் இருக்கிற ஆள்தான். விருந்தாளி சுட்டால் வழக்கு உங்கள் தோட்டத்தின் மீதும் வரும். தோட்டத்து இருட்டில் முப்பது கஜத்துக்குள் வரும் பன்றிக்கு 12 போர் துப்பாக்கியே தாராளம். பஞ்சாயத்தில் மனு கொடுத்து, பட்டியலில் உள்ளவரை வரச் சொல்லுங்கள். கறி கேட்காதீர்கள், சுட்ட பன்றியைப் புதைக்கத்தான் வேண்டும்.