மையைக் கொட்டினால் மலையாகுமா?

வணக்கம். சீன ஓவியர் ஜாங் தாச்சியென் முதுமையில் வரைந்த நிலக்காட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அவற்றைத் தேடிப் பார்த்தேன். மையும் நீலமும் பச்சையும் கொட்டிக் கிடப்பதாகவே எனக்குத் தெரிகிறது. கண் மங்கிய ஒரு முதியவர் அமெரிக்க அரூப ஓவியர்களைப் பார்த்து வண்ணத்தை ஊற்றிவிட்டு, அதற்குச் சீன மரபு என்று பெயர் சூட்டினார் என ஏன் கொள்ளக் கூடாது? தானாக வழிந்ததில் கலைஞனின் பங்கு என்ன?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

உங்கள் ஐயம் புதிதல்ல. காலக்கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. ஜாங் தாச்சியென் 1956இல் பாரிசில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்த ஆண்டே பிக்காசோவையும் சந்தித்தார். அடுத்த ஆண்டு நீரிழிவு அவருடைய பார்வையைக் கெடுத்தது. அப்போது பிரேசிலில் வசித்த, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவரால், அதுவரை தமக்குப் பெயர் வாங்கித் தந்த மயிரிழைக் கோடுகளை முன்போல் இழுக்க முடியவில்லை. 1960களில் மையோடு வண்ணத்தையும் ஊற்றத் தொடங்கினார். மேற்கில் நடந்ததை அவர் அறியாதவர் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒருவரைத் தூண்டியது எது என்பது ஒரு கேள்வி. அவர் கையிருப்பில் இருந்தது எது என்பது வேறு கேள்வி.

கையிருப்பு பெரிது. தாங் அரசர்களின் காலத்தில் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) வாங் சியா என்பவர் குடித்துவிட்டுப் பட்டுத் துணியில் மையைக் கொட்டி, கையாலும் காலாலும் தேய்த்து, விழுந்த கறையின் போக்கிலேயே மலையும் மேகமும் நீரும் எழுப்பினார் என்று பழைய சீன நூல்கள் சொல்கின்றன. அவருடைய படம் ஒன்றுகூட எஞ்சவில்லை, கதைதான் எஞ்சியது. பின்வந்த ஓவியர்களுக்கு அந்தக் கதையே போதுமான அனுமதியாக இருந்தது. தாம் செய்வது அந்தப் பழைய வழிதான் என்று ஜாங்கும் சொல்லிவந்தார். வண்ணத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1941 முதல் 1943 வரை வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் தங்கி, அங்குள்ள பௌத்தச் சுவரோவியங்களை அவர் நகலெடுத்தார். (1950இல் இந்தியாவுக்கு வந்தபோது அஜந்தா ஓவியங்களை அவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார், டார்ஜிலிங்கிலும் சில காலம் வாழ்ந்தார். நம் ஓவிய வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.) கனிம வண்ணங்களின் அடர்த்தியை அவர் கை பழகியது அந்தக் குகைகளில்தான்.

வெறுமனே கொட்டினால், நனைந்த தாள் சுருங்கி மடியும். ஆகவே தாளை விறைப்பான தளத்தில் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு, மையை ஊற்றி, தளத்தைச் சாய்த்து ஓட்டத்தைத் திருப்புவார். மை காயும் பக்குவம் பார்த்தே வண்ணம் வரும். அந்த நீலமும் பச்சையும் அசுரைட், மலக்கைட் என்னும் செப்புக் கனிமங்களை அரைத்த பொடிகள். வச்சிரப் பசை கலந்த நீரில் குழைத்து ஊற்றினால், அவை மையைப் போலத் தாளின் இழைக்குள் இறங்காமல் மேலேயே படியும். தடித்த இடத்தில் கல்லின் நீலமாகவும், மெலிந்த இடத்தில் அடியிலுள்ள கறுப்பு புலப்படும் மூட்டமாகவும் நிற்கும். கணினித் திரையில் இந்த வேறுபாடு தட்டையாகிவிடுவதால், ‘கொட்டிக் கிடக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஊற்றுவது பாதி வேலைதான். மீதி, காய்ந்த கறையைப் பார்த்து எதைத் தொடுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வது. இறுதி ஆண்டுகளில் அவர் வரைந்த ‘பீச் மலர்ச்சுனை’ படத்தில் பெரும்பகுதி நீல, பச்சை வெள்ளம். அடியில், இளஞ்சிவப்புப் பூக்களுள்ள மரங்களுக்கு அருகே, ஒரு சிறிய படகும் அதில் ஒரு மீனவனும். அந்தப் படகை விரலால் மறைத்துப் பாருங்கள்: மேலே இருப்பது வழிந்த வண்ணம். விரலை எடுத்தால் அதுவே பல நூறு அடி உயரப் பாறை, ஏனென்றால் இப்போது ஒரு மனிதனின் அளவு நமக்குக் கிடைத்துவிட்டது. அவரை அரூப ஓவியர் என்று சொல்ல நான் தயங்குவது இதனால்தான். வண்ணத்தைச் சொட்டியும் ஊற்றியும் வரைந்த அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் படத்தில் நிற்க ஓர் இடம் தேடிக் கண் அலைவதில்லை; ஜாங்கின் படத்தில் பாதையும் கரையும் கூரையும் தேடி அலைகிறது, கிடைக்கவும் செய்கிறது.

சீனாவிலுள்ள லூ மலையைப் பற்றி 1981இல் அவர் தொடங்கிய ‘லூ மலை’ ஓவியம் ஏறத்தாழ 10 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். உடல் தளர்ந்திருந்த அவரை மேசைமேல் ஏற்றிவிட வேண்டியிருந்தது. 1983 ஜனவரியில் தைபேயில் அது காட்சிக்கு வந்தது, ஏப்ரலில் அவர் மறைந்தார். அந்த மலைக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. பழைய ஓவியங்களிலும் கவிதைகளிலும் கண்ட மலையைத்தான் வரைந்தார். பழைய மேதைகளைப் போலவே வரைந்து, அருங்காட்சியகங்களையே ஏமாற்றிய போலிகளை உருவாக்கியவரும் அவர்தானே. அந்தக் கைகளுக்கு மரபை நினைவூட்ட யாரும் தேவைப்படவில்லை.

ஒன்றில் உங்களோடு உடன்படுகிறேன். 1960களின் சில படங்களில் படகும் இல்லை, கூரையும் இல்லை. வண்ணத்தின் பளபளப்பிலேயே அவர் திருப்தியடைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஏலத்தில் அவையும் நல்ல விலைக்குப் போகலாம். ‘பீச் மலர்ச்சுனை’ 2016இல் ஹாங்காங்கில் 27 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது என்பதற்காக மற்றவற்றையும் அதே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.