தூங்கி எழுந்தது யார்?

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, ஞாயிறு மாலை. தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள்.

காசிமேட்டு வலைக்காரர்: ராத்திரி கண்ணை மூடுறேன், காலையில திறக்குறேன். எழுந்தது அதே ஆள்தானா, சார்?

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் (3-2-9) கேட்பதும் இதைத்தான். அவனேதான் எழுகிறான் என்கிறது. முதல் காரணம், பாதியில் விட்ட வேலையை அவன் தொடர்கிறான், அடுத்தது நினைவு. உங்கள் ஊசி நேற்று எந்தக் கண்ணியில் நின்றதோ, காலையில் கை அங்கேதானே போகிறது? கடலில் விட்ட சொட்டை அதே சொட்டாகத் திரும்ப எடுக்க முடியுமா என்ற மறுப்பையும் அதற்கு உரை எழுதிய சங்கரர் விடவில்லை. சொட்டுக்கு அடையாளம் கிடையாது, ஆளுக்கு வினையும் அறிவும் உண்டு என்றார்.

அவருடைய மச்சான்: போன வாரம் அவர் விட்ட வலையை நான்தான் முடிச்சேன். அப்போ நான் அவரா?

சரி, மாட்டிக்கொண்டேன். வேலை மட்டும் போதாது, நினைவும் வேண்டும். ஆனால் நினைவைப் பிடித்தால் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் குறுக்கே வருவார். தூங்கும் சாக்ரடீஸ் நினைத்ததற்கு, அதை அறியவே அறியாத விழித்த சாக்ரடீஸைத் தண்டிப்பது, இரட்டையரில் ஒருவன் செய்ததற்கு மற்றவனை அடிப்பது போல என்றார்.

மச்சான்: அப்போ குறட்டைக்கு நான் பொறுப்பில்லை!

அதை வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

(இதிலேயே அரை மணி நேரம் போனது. டீயும் ஆறிப்போனது.)

வியாசர்பாடி அம்மா: ரயில் போனால் தெரியாது, பிள்ளை முனகினால் எழுந்துவிடுகிறேன். ஏன்?

தூங்கும் மூளையும் காதில் விழுவதைத் தரம் பிரிக்கிறதும்மா. தூங்குபவரிடம் அவர் பெயரைச் சொன்னால், மற்ற பெயர்களைவிட மூளை அலை கூடுதலாக அசைவதை 1960இலேயே பதிவு செய்தார்கள். எனக்கு இதுதான் பெரிய சாட்சி: ஆள் இல்லாத வீட்டில் யார் காது கொடுப்பது?

கூட்டத்தில் ஒருவர்: ஆபரேஷன் மயக்கமும் தூக்கம்தானே?

இல்லை. மயக்க மருந்து வேறு, உறக்கம் வேறு. தட்டினால் எழுவது உறக்கம்.

தூக்கம் சாவு மாதிரிதானே?

இதையே மூன்றாவது தடவை கேட்கிறீர்கள்! வள்ளுவர் (குறள் 339) சாவைப் புரியவைக்க உறக்கத்தைக் காட்டினார். நீங்கள் திருப்பிப் பிடிக்கிறீர்கள்.

தூக்க மாத்திரை?

டாக்டரைக் கேளுங்கள். மருந்தையும் உறக்கத்தையும் குழப்பாதீர்கள் என்று இப்போதுதானே சொன்னேன்?

மச்சான்: கடைசியா ஒண்ணு. வலைக்குக் கூலி யாருக்கு?

உங்களுக்குத்தான். அதற்கு லாக் வேண்டாம்.