வாங்கமுன் கேளுங்கள்: ஸ்லீவ் மாற்றும் வேலை

கேள்வி (சுன்னாகம்): லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மிஷின்) எஞ்சினுக்கு ஸ்லீவ் மாத்த வேணும். கராஜ் கூலி கட்டுபடியாகாது. வீட்டில் நானே மாத்தலாமோ?

பதில்: ஸ்லீவ் என்பது பிஸ்டன் ஓடுகிற இரும்புக் குழாய். அதன் வெளிப்பக்கத்தில் தண்ணீர் படுகிற எஞ்சின் என்றால் மாற்றலாம். தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் அந்த வகைதான். பழையதைப் புள்ளர் போட்டு இழுத்தபின், ஓ ரிங் என்ற றப்பர் வளையம் உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டி எடுங்கள். புது ஸ்லீவை முதலில் ஓ ரிங் இல்லாமல் விட்டுப் பாருங்கள். கையால் தள்ளவே போய் உட்கார வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் மிச்சம். உட்கார்ந்ததும் அதன் விளிம்பு எஞ்சின் உடலான புளொக்கைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். எவ்வளவு என்பது எஞ்சின் புத்தகத்தில் இருக்கும். பிறகுதான் ஓ ரிங். சவர்க்காரத் தண்ணீர் தடவி இறக்குங்கள். எல்லாம் பூட்டியதும் எண்ணெய் விட அவசரப்படாதீர்கள். தண்ணீரை மட்டும் நிரப்பி ஓர் இரவு வைத்து, விடியப் பின்மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் ஓ ரிங் வெட்டுப்பட்டுவிட்டது. அப்படியே ஓட்டினால் எண்ணெய் வெளுத்து, பெயரிங்கும் போய்விடும்.

தண்ணீர் படாமல் இறுக்கி ஏற்றிய ஸ்லீவ் என்றால் வீட்டில் தொடாதீர்கள். அதற்குப் பிரஸ்ஸும் போரிங் மிஷினும் வேண்டும்.

கேள்வி (உரும்பிராய்): எங்கட மிஷின் பெரிசு, சிவப்பு நிறம். எந்த ஸ்லீவ் மலிவு?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சின் தகட்டிலுள்ள மொடல் நம்பரை எழுதிக்கொண்டு, பழைய ஸ்லீவையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை தரம்தான் எழுதுவது!

கேள்வி (கோப்பாய்): பெயர்பெற்ற கம்பனிப் பெட்டியில் ஸ்லீவ், பிஸ்டன், றிங் செற் வாங்கினேன். இரண்டு கிழமையில் நீலப் புகை. பூட்டின பிழை என்கிறார் கடைக்காரர். துண்டில் "செற் 1" என்று மட்டும் எழுதியிருக்கு.

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்கும். என் வோட்டர் பம்புக்கு வாங்கிய றிங்கும் இப்படித்தான்: பெட்டி ஒரு கம்பனி, உள்ளே வேறு சாமான், சீட்டில் தொகை மட்டும். திருப்பிக் கொண்டுபோனபோது "இது எங்கட கடைச் சாமானே இல்லை" என்றார்கள்.

நுகர்வோரைக் கொல்வது இந்தத் துண்டுச் சீட்டுத்தான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் கம்பனிப் பெயர், பார்ட் நம்பர், ஸ்டான்டர்டா (வழமை) ஓவர்சைஸா (பெரிது) என்ற அளவு, எல்லாவற்றையும் எழுதுவியுங்கள். நேர்மையான வியாபாரிக்கு அதை எழுத ஒரு நிமிடம் போதும். மறுக்கிற கடையின் படியை விட்டு இறங்குங்கள்.

நீங்கள் பெட்டியையும் கழற்றிய சாமானையும் எறிந்துவிடாதீர்கள். லேத்காரரிடம் ஸ்லீவையும் பிஸ்டனையும் அளப்பித்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். முறைப்பாடு அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். விசாரிக்க அழைக்கும் எண் 1977.

கேள்வி (அச்சுவேலி): புது ஸ்லீவ் போட்டும் எஞ்சின் கொதிக்குது. ஸ்லீவ் பிழையோ?

பதில்: முதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் தடவுங்கள். வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தால் அது நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. சூட்டை வெளியே விடாது. அதைச் சுத்தமாக்கி, மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.