காலை வட்டத்தில் வணக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 28 பிள்ளைகள். தினமும் காலையில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்கிறேன். ஒரு பையன் மட்டும் வாயே திறப்பதில்லை. அவன் முறை வந்தால் மொத்த வகுப்பும் அவனையே பார்க்கிறது. அவனை எப்படிப் பேசவைப்பது? நேரம் போதாததால் ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். எல்லாரும் சேர்ந்து எனக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறோம். பாட நேரம் வீணாகிறது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்வது? காலை வட்டத்துக்கு ஏற்ற பாடல்களின் பட்டியலும் தாருங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

சக ஆசிரியர்களுக்குப் பதில் தேடி அலைய வேண்டாம். இருபது நிமிடத்தில் வட்டத்தை முடித்துப் பாடத்தைத் தொடங்குங்கள், போதும்.

ஒரு பையனின் மௌனம் உங்களை இப்படி உறுத்துகிறதே, அவன் கொடுத்துவைத்தவன். ஆனால் வணக்கத்தை நிறுத்திவிட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நேரம் குறைந்தால் எல்லாரும் முதலில் கைவைப்பது வணக்கத்தில்தான். ஏன் என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, பெயர் சொல்லி வணக்கம் சொல்ல ஐந்து நொடி. 28 பேருக்கு 140 நொடி. இரண்டரை நிமிடம்கூட இல்லை. இதையா மிச்சம் பிடித்தீர்கள்?

வகுப்பில் ஒரு குழந்தையின் பெயரை அதிகம் சொல்பவர் ஆசிரியர்தான். அதுவும் வருகைப் பதிவுக்காகவோ கண்டிப்பதற்காகவோ. சக குழந்தை ஒன்று தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்காமலேயே நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிற குழந்தைகள் உண்டு. 28 குரல்கள் சேர்ந்து உங்களுக்கு வணக்கம் சொல்லும்போது அங்கே எந்தக் குழந்தையின் பெயரும் ஒலிப்பதில்லை. உங்கள் பையன் வந்திருக்கிறானா இல்லையா என்பதுகூட அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. வட்டமாக உட்காரவைத்துவிட்டு எல்லாப் பேச்சையும் உங்கள் வழியாகவே போகவைத்தால், அதற்கு வரிசையாகவே உட்காரவைத்திருக்கலாம்.

எப்படிச் செய்வது? முதலில் இடம். ஒரு குழந்தைக்கு 45 சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் சுற்றளவு 12.6 மீட்டர், குறுக்களவு நான்கு மீட்டர். அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மேசைகளை ஒதுக்கி நீள்வட்டமாக்குங்கள். இரண்டு வரிசை மட்டும் வேண்டாம். பின்வரிசைக் குழந்தைக்கு முதுகுகள்தான் தெரியும். நீங்களும் தரையிலேயே உட்காருங்கள். உட்காரும் இடத்தைப் பெயர்ச்சீட்டு போட்டு தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்ட இரண்டு பேர் ஆண்டு முழுக்க ஒருவருக்கொருவரே வணக்கம் சொல்வார்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு வணக்கம் போதும். ஒரு குழந்தையோடு நீங்களே செய்துகாட்டி, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தது, பெயர் சொன்னது, பதில் வரும்வரை காத்திருந்தது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். பிறகு வணக்கம் வட்டத்தில் கைமாறிக்கொண்டே போகட்டும். "பிடித்தவருக்குச் சொல்லுங்கள்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் அதே குழந்தைதான் கடைசியில் மிஞ்சும், அதை வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். தொடுவது பிடிக்காத குழந்தை கைகுலுக்க வேண்டாம், கையசைக்கட்டும். கேலிப்பெயரோ முகச்சுளிப்போ வந்தால் அங்கேயே நிறுத்தி, அமைதியாக, மறுபடி செய்யச் சொல்லுங்கள். தாமதமாக வருபவருக்கும் ஒரு வணக்கம் வேண்டும். வராதவரின் பெயரையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் பையன். "எப்படிப் பேசவைப்பது" என்ற கேள்வியே எனக்கு உடன்பாடில்லை. அவன் கையசைத்தால் அதுவே வணக்கம், அடுத்தவருக்குப் போய்விடுங்கள். "பேசு, பேசு" என்று கெஞ்சுவதும் தவறு. ஒருநாள் அவன் பேசிவிட்டால் கைதட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அத்தனை கண்களும் அவன்மேல் திரும்பும், அவன் மறுபடி மூடிக்கொள்வான். வீட்டில் சரளமாகப் பேசுகிறானா என்று பெற்றோரிடம் விசாரியுங்கள். அங்கே பேசுகிறவன், பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கழிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்றால் குழந்தை உளவியலாளரிடம் காட்டச் சொல்லுங்கள். அதைப் பிடிவாதம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் செய்தியைச் சொல்லும் பகிர்தலில் நாளுக்கு மூன்று பேர் போதும், இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். யாருக்கு எந்த நாள் என்று எழுதி ஒட்டுங்கள். புதுப் பொம்மை, புது உடை எல்லாம் வேண்டாம், கடைசியில் அது யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற காட்சியாகிவிடும். பேசி முடித்ததும் மற்ற பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும். பதிலுக்கு மூன்று நொடி காத்திருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அது மூன்று நொடியானபோது பதில்கள் நீண்டன. அதிகம் பேசாத மாணவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

பாடல் பட்டியல் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரே பாட்டை ஒரு மாதம் பாடுங்கள். புதுப் பாட்டு கற்றுத்தர ஆரம்பித்தால் அந்த இரண்டரை நிமிடமும் அதிலேயே போய்விடும்.