அறுபது ஸ்லைடும் ஒரு தேரும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு அம்பாசமுத்திரம். இரண்டு வருஷமாக ரியாக்டில் (இணையப் பக்கத்தின் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) வேலை. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் மாநாட்டில் நாற்பது நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அறுபது ஸ்லைடு தயார். மேடையிலேயே கோட் எழுதிக் காட்டினால்தான் மதிப்பு என்கிறான் நண்பன். தமிழா ஆங்கிலமா என்றும் குழப்பம். அதைவிட, ரியாக்டை உருவாக்கியவர்களே பேசித் தீர்த்ததில் நான் சொல்ல என்ன மிச்சம்? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

அறுபதைப் பதினைந்தாக்குங்கள். எந்த ஹூக் (ரியாக்ட் தரும் தயார் ஃபங்ஷன்) எதற்கு என்பதெல்லாம் ரியாக்டின் ஆவணத்திலேயே இருக்கிறது, வாசித்துக் காட்ட ஆள் வேண்டாம்.

மிச்சம் இருப்பது நீங்கள் முழி பிதுங்கிய இடம். யூஸ்எஃபெக்ட் என்ற ஹூக் நிற்காமல் சுற்றி சர்வரைப் படுத்திய ராத்திரி ஒன்று உங்களுக்கும் இருக்குமே! ஒவ்வொரு ரெண்டரிலும் (ரியாக்ட் திரையை மறுபடி கணக்கிடும்போதெல்லாம்) புதிதாகப் பிறக்கிற ஆப்ஜெக்டை டிபெண்டன்சியில், அதாவது எது மாறினால் எஃபெக்ட் ஓட வேண்டும் என்ற பட்டியலில், வைத்தால், உள்ளே இருப்பது அதுவே ஆனாலும் ரியாக்டுக்கு அது வேறு ஆப்ஜெக்ட். எஃபெக்ட் ஓடும், ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் தகவல்) மாறும், மறுபடி ரெண்டர். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதலில் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று சொன்னாலே இருபது நிமிடம் போய்விடும்.

உருவாக்கியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ரயன் டால் தான் உருவாக்கிய நோடை (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் கருவி) 2009-ல் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். 2018-ல் அதே மாநாட்டுக்கு வந்து, 'நோடில் நான் வருந்தும் பத்து விஷயங்கள்' என்ற தலைப்பில் பேசினார். வெளியிலிருந்து இறக்கும் கோடெல்லாம் குவியும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் அதில் ஒன்று. இன்னொரு பக்கம், 2014-ல் பாரிசில் ஆங்குலர் 2 (ரியாக்டுக்குப் போட்டியான கருவியின் புதுப் பதிப்பு) பற்றிப் பேசியவர்கள் பழைய ஆங்குலரின் கன்ட்ரோலர், ஸ்கோப் போன்ற பாகங்களுக்கு ஸ்லைடில் கல்லறை கட்டிக் காட்டினார்கள். பெரிய கொந்தளிப்பு. பின்னே? கேட்டவர்களின் சோறு அந்தக் கோடில்தானே வெந்துகொண்டிருந்தது. நீங்களும் ஜேக்வெரி என்ற பழைய லைப்ரரியைக் கிண்டல் செய்யும் ஸ்லைடு ஏதாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். முன்வரிசையில் அதில்தான் குடும்பம் நடத்துகிறவர் இருப்பார்.

மேடையில் கோட் எழுதுவதா? நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பட்டிருக்கிறேன். இருநூறு பிள்ளைகள். "புது ப்ராஜெக்ட் தொடங்குவோம்" என்று கம்பீரமாக என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான கோடை இணையத்திலிருந்து இறக்கும் கட்டளை) அடித்தேன். அரங்கத்து வைஃபையில் அத்தனை பேர் போனும் தொங்கிக்கொண்டிருந்தது. நெல்லையப்பர் தேர்கூட அதற்குள் ரதவீதி சுற்றி நிலைக்கு வந்திருக்கும். அப்புறம் கரண்ட் வேறு போனது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிவிடுகிறேன், ஒவ்வொரு படியையும் கிட் (Git) என்ற கருவியில் தனித்தனி கமிட்டாக, அதாவது திரும்பிப் போகக்கூடிய சேமிப்பாக, வைத்துவிடுகிறேன். மேடையில் தட்டுவது பத்து வரிக்குள். கறுப்புத் தீமும் வேண்டாம், ஜன்னல் வெயில் புரொஜெக்டரைத் தின்றுவிடும்.

தமிழிலேயே பேசுங்கள். கம்போனென்ட், ப்ராப்ஸ் மாதிரி ரியாக்ட் சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள், மேடை சொல்லாக்கத்துக்கு இடமில்லை. வில்லுப்பாட்டில் 'ஆமா' போட ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். உங்களுக்கு அவர் கிடையாது. அதனால் முக்கியமான இடத்தில் நிறுத்தி முகங்களைப் பாருங்கள். ஆமா வரவில்லையென்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

கேள்வி நேரத்தில் யாரும் கை தூக்கவில்லையா, கவலை வேண்டாம். நம்மூர்ப் பிள்ளைகள் வெளியே டீ குடிக்கும்போதுதான் கேட்பார்கள். முடிந்ததும் அம்பை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடாதீர்கள்.